ஒழுகுற காது திடீர்னு நின்னுட்டா சந்தோஷப்படாதீங்க

ஒரு கொத்தனார் அண்ணன், வயசு நாப்பதுக்கு மேல இருக்கும், கழுத்தை இடது பக்கமா சாய்ச்சு வச்சுக்கிட்டே எங்க வார்டுக்கு வந்தாரு. நேரா நிமித்த முடியல. இடது காதுக்குக் கீழ தாடை மூலையில ஆரம்பிச்சு பாதி கழுத்து வரைக்கும் கல்லு மாதிரி வீக்கம், நல்ல காய்ச்சல். சாரத்துல நின்னு வேலை பாத்தப்ப சுளுக்கிக்கிச்சுன்னு நெனச்சு ரெண்டு நாள் எண்ணெய் போட்டு சுளுக்கு வழிச்சிருக்காங்க, அது கேக்கலைன்னதும் பக்கத்து வீட்டு பாட்டி இது பொன்னுக்கு வீங்கிதான்னு சொல்ல, அவர் சம்சாரம் தன் சங்கிலிய கழட்டி அவர் கழுத்துல போட்டு விட்டுருக்கு. அந்த சங்கிலியோடதான் வந்தாரு.

டாக்டர் கழுத்தை தொட்டுப் பாத்துட்டு நேரா காதைப் பாத்தாரு. காதுக்குள்ள சாம்பல் கலர்ல ஒரு பஞ்சு. எடுத்ததும் அடிச்ச நாத்தம் இருக்கே, அதை ஒரு தடவை மோந்தவங்க மறக்க மாட்டாங்க. "காது ஒழுகுமா?"ன்னு கேட்டாரு. "அது சின்ன வயசுல இருந்தே ஒழுகும் சார், அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல, இப்ப பத்து நாளா அதுகூட நின்னு போச்சு"ன்னு பெருமையா சொன்னாரு.

டாக்டர் மூஞ்சி அப்பதான் மாறுச்சு.

நான் டாக்டர் இல்ல, இஎன்டி வார்டுல பல வருஷம் நர்ஸா இருந்தவ. அந்த "பத்து நாளா நின்னு போச்சு"ல என்ன பயம்னு புரிஞ்சுட்டா இந்த விஷயம் முக்கால்வாசி புரிஞ்ச மாதிரி, அதனால அதுக்குத்தான் இந்தப் பதிவு.

முதல்ல காது எப்படி இருக்குன்னு பாப்போம். நாம பட்ஸ் விட்டு குடையுறோமே அந்த வழி ஒரு இஞ்ச் போனா முடிஞ்சிடும், அங்க செவிப்பறைன்னு மெல்லிசா ஒரு சவ்வு. அதுக்கு அந்தப் பக்கம் நடுக்காது, ஒரு சின்ன காத்து அறை, அதுல மூணு குட்டி எலும்பு. மூக்குக்குப் பின்னாடியில இருந்து ஒரு குழாய் வந்து அந்த அறையில சேருது, சளி பிடிச்சா காது அடைக்கிறது இதனாலதான். இதுவரைக்கும் ஸ்கூல் பாடம். பாடத்துல சொல்லாத ஒண்ணு, அந்த அறைக்குப் பின்பக்கமும் ஒரு வாசல் இருக்கு. உங்க காதுக்குப் பின்னாடி கைய வச்சுப் பாருங்க, ஒரு எலும்பு மேடு தட்டுப்படும், மாஸ்டாய்டுன்னு பேரு. வெளிய இருந்து கெட்டியா இருக்கும், உள்ள தேனடை மாதிரி அறை அறையா காத்து ரூம். நடுக்காதுல சீழ் பிடிச்சா பின்வாசல் வழியா அந்த தேனடைக்குள்ளயும் போகும்.

அந்த எலும்புக்கு அக்கம்பக்கத்துல யார் இருக்காங்கன்னு பாத்தா கொஞ்சம் கலக்கமா இருக்கும். கூரைக்கு மேல மூளை, நடுவுல மெல்லிசா ஒரு எலும்புத் தகடுதான். பின்னாடி மூளையில இருந்து ரத்தத்தை இறக்குற பெரிய நாளம். உள்ள முகத்தை அசைக்கிற நரம்பு குறுக்க போகுது. கீழ நுனியில கழுத்துத் தசை வந்து ஒட்டியிருக்கு, தலைய திருப்புறப்ப கழுத்துல கயிறு மாதிரி தெரியுமே அது.

இப்ப ஒழுகுற காதுக்கு வருவோம். செவிப்பறையில ஓட்டை விழுந்து வாரக்கணக்கா, மாசக்கணக்கா, சில பேருக்கு வருஷக்கணக்கா சீழ் வந்துக்கிட்டே இருக்கும். உலக சுகாதார நிறுவனம் 2004ல போட்ட கணக்குப்படி உலகத்துல 6.5 கோடியில இருந்து 33 கோடி பேருக்கு வரைக்கும் இப்படி காது ஒழுகுது. முக்காவாசி வீட்டுல இதை வியாதியாவே எடுத்துக்கிறது இல்ல, "அவனுக்கு சின்னப் புள்ளயில இருந்தே அப்படித்தான்"னு முடிச்சுடுவாங்க.

இதுல ரெண்டு ஜாதி இருக்கு, ரெண்டும் ஒண்ணு கிடையாது. ஒண்ணுல செவிப்பறைக்கு நடுவுல ஓட்டை, சளி பிடிச்சா கோழை மாதிரி நிறைய ஒழுகும், அவ்வளவா நாத்தம் இருக்காது, மருந்து போட்டா காயும். இது அவ்வளவு சீக்கிரம் பெரிய வம்புக்குப் போகாது, போகவே போகாதுன்னும் சொல்ல முடியாது. இன்னொண்ணுதான் வில்லன். கொஞ்சூண்டுதான் ஒழுகும், பஞ்சு நனையுற அளவுக்குக்கூட இருக்காது, ஆனா செத்த எலி மாதிரி நாறும், சில சமயம் ரத்தம் கலந்து வரும், வலி பெருசா இருக்காது. நிறைய ஒழுகுறவங்க பயந்து போய் டாக்டரைப் பாத்துடுறாங்க, கொஞ்சமா ஒழுகுறவங்க பஞ்சை வச்சுக்கிட்டு சும்மா இருந்துடுறாங்க. உண்மையில தலைகீழா இருக்கணும்.

ஏன் நாறுதுன்னா உள்ள தோல் வளருது. நம்ம உடம்புல வெளிய இருக்க வேண்டிய தோல், செவிப்பறை உள்ள இழுத்துக்கிட்டோ ஓட்டை வழியாவோ நடுக்காதுக்குள்ள போய் ஒரு பை மாதிரி உக்காந்துக்கும். தோல்னா உதிரணும் இல்லையா, வெளிய இருந்தா குளிக்கிறப்ப போயிடும், இது உள்ளயே உதிர்ந்து உதிர்ந்து ஊறி வெள்ளையா திரள் திரளா சேர்ந்துக்கிட்டே போகும், அதுல கிருமி குடியேறி நாறும். இதுக்கு கொலெஸ்டியடோமான்னு பேரு, 1838ல ஜெர்மனில யோஹான்னஸ் முல்லர்னு ஒருத்தர் வச்சது, பேரே தப்பு, இதுல கொலஸ்ட்ராலும் இல்ல, இது கேன்சர் கட்டியும் இல்ல. ஆனா ஒரு கெட்ட குணம் இருக்கு, பக்கத்துல இருக்கிற எலும்பை அரிச்சுக்கிட்டே போகும். அதான் டாக்டருங்க "காதுல எலும்பு அரிச்சிருக்கு, ஆபரேஷன் பண்ணணும்"னு சொல்வாங்க. சும்மா பயமுறுத்த சொல்றது இல்ல, எக்ஸ்ரேலயும் ஸ்கேன்லயும் அப்படியே தெரியும்.

இப்ப அந்த பத்து நாள் விஷயம். சீழுக்கு ஒரே குணம்தான், உள்ள உண்டாகிக்கிட்டே இருந்தா அதுக்கு எங்கயாவது வழி வேணும். இத்தனை நாளா காது வழியா வெளிய வந்துக்கிட்டு இருந்துச்சு, அதனாலதான் மனுஷன் நடமாடிக்கிட்டு இருந்தாரு. அந்த தோல் குப்பையோ, உள்ள வளர்ந்த சதையோ வழிய அடைச்சிடுச்சுன்னா ஒழுகல் நிக்கும், சீழ் உண்டாகுறது நிக்காது. நடுக்காதும் தேனடையும் ரொம்பி பிரஷர் ஏறி, ஏற்கனவே அரிச்சு மெல்லிசா இருக்கிற சுவர்ல எது பலவீனமோ அதை உடைச்சுக்கிட்டு போகும். மருந்து போட்டு காதும் காஞ்சு ஆளும் நல்லா இருந்தா அது ஆறுன கணக்கு. எந்த வைத்தியமும் இல்லாம திடீர்னு நின்னு, கூடவே வலியோ காய்ச்சலோ தலைவலியோ வந்தா, சீழ் வேற வழி பாத்துக்கிச்சுன்னு அர்த்தம்.

எந்தப் பக்கம் உடைக்குதுங்கிறதை வச்சுத்தான் எங்க வீங்கும்னு இருக்கு. சின்னப் பசங்களுக்கு பெரும்பாலும் காதுக்கு நேர் பின்னாடி, எலும்பை மூடியிருக்கிற உறைக்கு அடியில சீழ் கட்டும். குழந்தைய பின்னாடி நின்னு பாருங்க, ஒரு காது மட்டும் முன்னாடி தள்ளி கொஞ்சம் இறங்கி விசிறி மாதிரி நிக்கும், காதுக்கும் தலைக்கும் நடுவுல இருக்கிற மடிப்பு காணாமப் போயிருக்கும், தொட்டா கத்தும். தலையில பேன், புண்ணு இருந்தாலும் காதுக்குப் பின்னாடி நெறி கட்டும், அது உருண்டையா விரலுக்கு நகர்ற மாதிரி சின்னதா இருக்கும், காதைத் தள்ளாது. பொன்னுக்கு வீங்கியில வீக்கம் காதுக்கு முன்னாடியும் கீழயும், காது மடல் நுனிய மேல தூக்கும், காதுல சீழ் வராது. கொசு கடிச்சதுன்னு நெனச்சு சுண்ணாம்பு தடவிட்டு வந்த புள்ளைங்களையும் பாத்திருக்கேன்.

சில பேருக்கு காதுக்கு முன்னாடி மேல நெத்திப்பொட்டு பக்கமா வீங்கும், கண் இமைகூட உப்பிடும், வந்தவங்க கண் டாக்டர்கிட்ட முதல்ல போயிருப்பாங்க.

கொத்தனாருக்கு வந்தது கழுத்துப் பக்கம். மாஸ்டாய்டு நுனியோட உள்பக்க சுவர் மெல்லிசு, அதை உடைச்சுட்டு சீழ் கழுத்துத் தசைக்கு அடியில இறங்கிடும். 1881ல மியூனிக்ல ஃப்ரீட்ரிஷ் பெட்ஸோல்டுன்னு ஒரு காது டாக்டர் இதை விவரமா எழுதினாரு, அதனால இதுக்கு பெட்ஸோல்டு கட்டின்னே பேரு. ரொம்பச் சின்னக் குழந்தைங்களுக்கு அந்த நுனியே இன்னும் வளர்ந்திருக்காது, அதனால இது பெரும்பாலும் பெரியவங்க சமாச்சாரம். இதுல ஏமாத்துறது என்னன்னா சாதாரண கட்டி மாதிரி பழுத்து மெத்துன்னு ஆகாது, மேல தடியா தசை மூடியிருக்கிறதால கல்லு மாதிரி கெட்டியா இருக்கும், அந்தத் தசை இழுத்துப் பிடிக்கிறதால கழுத்து சாய்ஞ்சுடும், பாக்குற யாருக்கும் சுளுக்குன்னுதான் தோணும். அதைப் போட்டு வழிச்சா என்ன ஆகும்னு யோசிச்சுப் பாருங்க. சுளுக்கு வழிக்கிறவரை நான் குத்தம் சொல்லல, அவர் காதுக்குள்ள எங்க பாத்தாரு.

கழுத்துல இறங்குன சீழ் அங்கயே நிக்கணும்னு சட்டம் இல்ல. இதைப் புரிஞ்சுக்க கோழிக்கறி சுத்தம் பண்றப்ப கவனிச்சிருந்தா போதும். தோலுக்கும் சதைக்கும் நடுவுல வெள்ளையா மெல்லிசா ஒரு ஜவ்வு இருக்கும், அதுக்குள்ள விரலை விட்டா சர்ருன்னு தூரம் வரைக்கும் வழி விடும், கத்தியே வேணாம். நம்ம உடம்புலயும் தசைக்குத் தசை நடுவுல அதே மாதிரி ஜவ்வு அடுக்கடுக்கா இருக்கு. கழுத்துல அந்த அடுக்குங்க நெஞ்சுக்கூட்டுக்குள்ள இதயத்தைச் சுத்தி இருக்கிற இடம் வரைக்கும் போகுது. சீழ் அந்த வழியில இறங்கிட்டா காதுல ஆரம்பிச்ச வியாதி நெஞ்சுல போய் நிக்கும், அப்ப உயிர் பிழைக்கிறது பெரும்பாடு.

அதைவிட மோசமானது ஒண்ணு இருக்கு, அரிதுதான், ஆனா இருக்கு. சில கிருமிங்க, தனியாவோ கூட்டு சேர்ந்தோ, அந்த ஜவ்வையே அழிச்சுக்கிட்டு பரவும், நெக்ரோடைசிங் ஃபேசியைட்டிஸ்னு சொல்வாங்க, நம்ம பாஷையில சதை அழுகுறது. கழுத்துல இது வந்தா பெரும்பாலும் சொத்தைப் பல்லுலயோ தொண்டையிலயோ இருந்து வந்திருக்கும், காதுல இருந்து வர்றது அபூர்வம், வந்தா அனேகமா பின்னணியில சுகர் இருக்கும். முதல் நாள் பாத்தா மேல லேசா சிவப்பு மட்டும்தான், ஆனா ஆளு வலியில துடிப்பாங்க, பாக்குறதுக்கும் வலிக்கும் பொருத்தமே இருக்காது, அதான் முதல் எச்சரிக்கை. அப்பறம் மணிக்கணக்குல பரவும். பேனாவால சிவப்பு ஓரத்தைச் சுத்தி கோடு போட்டு வச்சுட்டு கொஞ்ச நேரம் கழிச்சு வந்து பாத்தா கோட்டைத் தாண்டியிருக்கும். தோல் நாவப்பழ கலருக்கு மாறும், கொப்புளம் கிளம்பும், சில பேருக்கு அழுத்துனா அப்பளம் நொறுங்குற மாதிரி கைக்குத் தெரியும், அடியில கேஸ் சேர்ந்திருக்கும். கடைசியில வலி குறையும், ஐயா தேவலைன்னு வீட்டுக்காரங்க சொல்வாங்க, உண்மையில அங்க நரம்பு செத்துப் போச்சு.

இதுக்கு ஊசி மருந்து மட்டும் போட்டா ஏன் கேக்காதுன்னு நிறைய பேர் சண்டைக்கு வருவாங்க. மருந்து ரத்தத்துலதானே போகணும், அந்த இடத்துல ரத்தக்குழாயே அடைச்சுப் போயிருக்கு, மருந்து எப்படி போய்ச் சேரும்? அழுகுனதை எல்லாம் ஆபரேஷன் பண்ணி எடுத்தே ஆகணும், ஒரு தடவை இல்ல, திரும்பத் திரும்ப தியேட்டருக்கு கொண்டு போய் பாக்கணும். பாக்க கோரமா இருக்கும், வேற வழி கிடையாது.

சுகர்னு சொன்னதால இன்னொண்ணையும் சொல்லிடுறேன், இது வேற பாதை. வயசானவங்க, சுகர் கட்டுப்பாட்டுல இல்லாதவங்க, காதுக்குள்ள குடைஞ்சோ அழுக்கு எடுக்கப் போயோ ஒரு சின்னக் காயம் ஆகியிருக்கும், சூடோமோனாஸ்னு ஒரு கிருமி காது வழியோட தோல்ல பிடிச்சு அப்படியே அடியில இருக்கிற எலும்புக்கு இறங்கிடும். ராத்திரி தூங்க விடாத வலி, காது வழியில சிவப்பா ஒரு சதைத் துணுக்கு, விட்டா முகம் ஒரு பக்கம் கோணிக்கும். இதுக்கு மேலிக்னன்ட் ஓடைட்டிஸ் எக்ஸ்டெர்னான்னு பேரு, 1968ல சாண்ட்லர்னு அமெரிக்க டாக்டர் அப்படி எழுதி அந்தப் பேரு நிலைச்சுது, பேரைக் கேட்டு கேன்சர்னு அழுதவங்க உண்டு, கேன்சர் இல்ல. ஆனா வாரக்கணக்குல மருந்து, ஒரு நாளும் விடாம. சுகர் இருக்கிற பெரியவங்களுக்கு காது வலின்னா சொட்டு மருந்து வாங்கிக் குடுத்துட்டு விட்டுடாதீங்க.

மூளைப் பக்கம் உடைச்சா என்னன்னு கேப்பீங்க. மூளைக்காய்ச்சல், மூளையில கட்டி, பின்னாடி இருக்கிற நாளத்துல ரத்தம் உறையுறதுன்னு அது தனிக் கதை, தனியா எழுத வேண்டியது. ஒண்ணே ஒண்ணு மட்டும். டப்ளின்ல வில்லியம் வைல்டுன்னு ஒரு காது சர்ஜன், காதுக்குப் பின்னாடி கட்டுற சீழை கீறி எடுக்கிற முறைக்கு இன்னிக்கும் அவர் பேருதான். அவரோட மகன் ஆஸ்கார் வைல்டு, நீங்க கேள்விப்பட்ட எழுத்தாளர்தான், 1900 அக்டோபர்ல பாரிஸ்ல தங்கியிருந்த ஹோட்டல் ரூம்லயே காதுல ஆபரேஷன் பண்ணிக்கிட்டு நவம்பர் 30 அன்னைக்கு செத்துப் போனாரு, காதுல இருந்து மூளைக்காய்ச்சலா ஆகியிருக்கும்னுதான் பெரும்பாலான டாக்டருங்க எழுதுறாங்க. அப்ப ஆன்டிபயாட்டிக் கிடையாது. நமக்கு இருக்கு, ஆனா பஞ்சை வச்சு மூடிட்டு இருந்தா இருந்தும் பிரயோஜனம் இல்ல.

நம்ம கொத்தனாருக்கு என்ன பண்ணாங்கன்னா, அட்மிட் பண்ணி முதல்ல சுகர் பாத்தா 380, சுகர் இருக்கிறதே அவருக்கு அன்னைக்குத்தான் தெரியும். ட்ரிப்ஸ்ல ஆன்டிபயாட்டிக், இன்சுலின், மருந்து ஏத்தி சிடி ஸ்கேன். ஸ்கேன்ல நெஞ்சுக்குள்ள இறங்கலைன்னு தெரிஞ்சதும் எல்லாருக்கும் மூச்சு வந்துச்சு. அன்னைக்கு ராத்திரியே கழுத்துல கீறி சீழ் எடுத்தாங்க, ஒரு டம்ளருக்குக் கொஞ்சம் கம்மி, அதுல கொஞ்சத்தை எந்தக் கிருமி எந்த மருந்துக்கு அடங்கும்னு பாக்க லேபுக்கு அனுப்பினாங்க, உள்ள ஒரு ட்யூப் வச்சு விட்டாங்க. மறுநாளே கழுத்து பாதி நிமிந்துடுச்சு. உடனே வீட்டுக்குப் போறேன்னு ஆரம்பிச்சுட்டாரு. கழுத்துல எடுத்தது வெளிய கொட்டுன குப்பைதான், தொட்டி இன்னும் காதுக்குள்ளதான் இருக்குன்னு டாக்டர் உக்கார வச்சு சொன்னாரு. ஒரு வாரம் கழிச்சு மாஸ்டாய்டு ஆபரேஷன், அந்த தேனடைய திறந்து தோல் குப்பை, அரிச்ச எலும்பு எல்லாத்தையும் வழிச்சு எடுத்து ஒரே பள்ளமா ஆக்கி காது வழியோட சேத்து விட்டாங்க, இனிமே உள்ள எதுவும் ஒளிஞ்சு சேர முடியாது. மாஸ்டாய்டு எலும்பை முறையா திறக்கிற வழிய ஜெர்மனில ஷ்வார்ட்ஸேன்னு ஒருத்தரும் அவர் கூட இருந்தவரும் 1873ல எழுதி வச்சாங்க, இன்னிக்கு மைக்ராஸ்கோப்பும் டிரில்லும் வச்சு பண்றாங்க, அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகள்ல பண்ற ஆபரேஷன்தான் இது.

"ஆபரேஷன் பண்ணா காது நல்லா கேக்குமா?"ன்னு எல்லாரும் கேப்பாங்க. நேர்மையான பதில், இது கேக்குறதுக்காக பண்றது இல்ல, உசுருக்கு ஆபத்து இல்லாத காதா ஆக்குறதுக்கு. கேக்குறது கூடலாம், அப்படியே இருக்கலாம், கொஞ்சம் குறையவும் செய்யலாம்.

வீட்டுல பண்றது பத்தியும் சொல்லணும். பூண்டு போட்டு காய்ச்சுன எண்ணெய், தாய்ப்பால், கோழி இறகு, ஹேர்பின், சாவி, எல்லாம் பாத்தாச்சு. ஓட்டை இருக்கிற காதுல எண்ணெய் ஊத்துனா அது நேரா நடுக்காதுக்குள்ள போகுது, கிருமிக்கு சாப்பாடு. மெடிக்கல் ஷாப்ல கேட்டு வாங்குற சொட்டு மருந்துலயும் கவனம் வேணும், ஜென்டாமைசின் மாதிரி சில மருந்து ஓட்டை வழியா உள்காதுக்குப் போனா கேக்குறதையும் உடம்போட பேலன்ஸையும் கெடுக்கலாம், அதனாலதான் டாக்டருங்க பெரும்பாலும் சிப்ரோஃப்ளாக்ஸாசின் எழுதுறாங்க. அதுவும் சீழ் ரொம்பி இருக்கிறப்ப ஊத்துனா மேலயே மிதக்கும், சுத்தமான பஞ்சை திரி மாதிரி முறுக்கி வாசல்ல மட்டும் ஒத்தி எடுத்துட்டு அப்பறம் விடணும். காதை பஞ்சு வச்சு நாள் பூரா அடைக்காதீங்க.

காது ஒழுகுறவங்களுக்கு காதுக்குப் பின்னாடியோ கழுத்துலயோ வீக்கம், கழுத்து திருப்ப முடியல, குளிர் நடுக்கத்தோட காய்ச்சல், விடாத தலைவலி, வாந்தி, தலைசுத்தல், முகம் கோணுறது, ஆளு மந்தமா ஆகுறது, இதுல எது வந்தாலும் அன்னைக்கே ஆஸ்பத்திரி. நாளைக்கு வெள்ளிக்கிழமை, நாளன்னிக்கு அமாவாசைன்னு தள்ளாதீங்க.

கொத்தனார் மூணு மாசம் கழிச்சு பள்ளத்தை சுத்தம் பண்ண வந்தாரு, சம்சாரமும் கூட வந்துச்சு, சங்கிலி இப்ப அது கழுத்துல இருந்துச்சு. "தீபாவளிக்கு எண்ணெய் தேச்சுக் குளிக்கலாமா சிஸ்டர்?"னு கேட்டாரு. நல்ல கேள்விதான். டாக்டர் உள்ள காஞ்சிருக்குன்னு சொன்னதுக்கு அப்பறம் தலைக்கு எண்ணெய் தேய்க்கலாம், காதுக்குள்ள ஒரு சொட்டு போகக் கூடாது, பஞ்சுல வாசலின் தடவி குளிக்கிற நேரத்துக்கு மட்டும் அடைச்சுட்டு முடிஞ்சதும் எடுத்துடணும், கிணத்துல குதிக்கிறது இனிமே கிடையாது. தண்ணி ரொம்ப ஜில்லுன்னோ ரொம்ப சூடாவோ பள்ளத்துக்குள்ள போனா தலை கிர்ருன்னு சுத்தும், உள்காது அங்க கிட்டத்துலயே இருக்கு, அந்த நேரத்துல சாரத்துல நின்னா விழுந்துடுவாருன்னும் சொன்னேன். அதுக்கு மட்டும் சம்சாரம் அவரைத் திரும்பிப் பாத்துச்சு.